வினிகரில் அணைந்து சோடாவில் மீள்வது: ஒளிரும் சேர்மங்களுடன் ஒரு மேசைச் சோதனைப் பதிவு

புற ஊதா விளக்கில் பளிச்சென்று ஒளிரும் கரைசலில் எதையோ சேர்க்கிறோம், ஒளி மங்குகிறது. அதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். மூலக்கூறு ஒரு புரோட்டானை வாங்கியோ விட்டோ வேறு வடிவத்துக்குப் போயிருக்கலாம். மூலக்கூறு அப்படியே இருக்க, சுற்றியுள்ள கரைப்பானோ அயனியோ அதன் ஆற்றலை ஒளியாக வெளிவர விடாமல் பறித்திருக்கலாம். இல்லையென்றால் மூலக்கூறே சிதைந்து போயிருக்கலாம். கண்ணுக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் கீழே வரும் ஒவ்வொரு சோதனையிலும் ஒரு படி கட்டாயம்: சேர்த்ததன் விளைவை எதிர்த்திசையில் திருப்பி, ஒளி மீள்கிறதா என்று பார்ப்பது. இதை இங்கே 'மீட்டுப் பார்த்தல்' என்கிறோம்.

இந்த முறை புதிதல்ல. மெக்சிகோவிலிருந்து சிறுநீரக மருந்தாக ஐரோப்பாவுக்குப் போன லிக்னம் நெஃப்ரிட்டிகம் என்ற கட்டையை நீரில் ஊறவைத்தால், ஒரு பக்கம் பார்க்கப் பொன்னிறம், மறுபக்கம் பார்க்க நீலம். அமிலம் சேர்த்தால் நீலம் மறைகிறது, காரம் சேர்த்தால் திரும்புகிறது என்று ராபர்ட் பாயில் 1664-இல் பதிவு செய்தார். அந்தப் பெயரில் புழங்கிய கட்டைகளில் ஒன்று பிலிப்பைன்ஸின் நர்ரா மரம்; நம் வேங்கை அதே பேரினத்தைச் சேர்ந்தது. வேங்கை டம்ளரில் இரவெல்லாம் நின்ற நீரை ஒரு கண்ணாடிக் குவளைக்கு மாற்றி, கறுப்புத் துணியின் முன் வெயிலில் பிடித்தால் ஓரத்தில் அதே நீலப்படலம் தெரியும். உடனொளிர்வு என்று நாம் சொல்லும் நிகழ்வுக்கு ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1852-இல் ஆங்கிலப் பெயர் வைப்பதற்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே, அமிலம் அதை மாற்றும் என்பது தெரிந்திருந்தது.

விளக்கு, குப்பி, நீர்

மூன்று விளக்குகள் வேண்டும்: முகப்பில் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி உள்ள 365 நானோமீட்டர் டார்ச், கள்ளநோட்டு பார்க்க விற்கும் 395 நானோமீட்டர் டார்ச், 460 நானோமீட்டர் அளவில் எரியும் நீல எல்இடி. விலை குறைவு என்று 395-ஐ மட்டும் வாங்கினால் டானிக் வாட்டரில் உள்ள குயினைன் ஏமாற்றிவிடும். அது அதிகம் உறிஞ்சுவது 350 நானோமீட்டர் பக்கம். தவிர, 395 டார்ச் கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளியையும் கொட்டுகிறது. அது குப்பியில் பட்டுச் சிதறுவதை ஒளிர்வு என்று எண்ணக்கூடாது. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, கண்ணுக்கும் குப்பிக்கும் நடுவில் மஞ்சள் செலோபேன் தாளை இரண்டாக மடித்துப் பிடித்தால் சிதறல் வெட்டுப்பட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு ஒளிர்வு மட்டும் வரும். நீல ஒளிர்வைப் பார்க்கத் தாளை எடுத்துவிட வேண்டும். நீல எல்இடிக்கு ஆரஞ்சுத் தாள் பொருந்தும். புற ஊதாவை வெட்டும் கண்ணாடி அணியாமல் 365 டார்ச்சை எரிய விடாதீர்கள்; மங்கலாகத் தெரிவதால் அது வலுக்குறைந்தது என்று பொருள் இல்லை.

குப்பிக்குக் கண்ணாடி ஊசி மருந்துக் குப்பி சிறந்தது. பெட் பாட்டில் தானே நீலமாக ஒளிரும். பாலிஸ்டைரீன் கப் அசிட்டோனில் கரைந்து ஒழுகும். சலவைப் பவுடரில் உள்ள வெண்மையூட்டி குப்பிச்சுவரில் ஒட்டிக்கொண்டு நீலமாக ஒளிரும் என்பதால் குப்பியைப் பவுடர் போட்டுக் கழுவாமல், வெறும் நீரிலும் பிறகு ஆல்கஹாலிலும் அலசுங்கள். வெள்ளை டிஷ்யூ தாளின் இழைகளும் இதே வேலையைச் செய்யும். எந்தக் கரைப்பானையும் சாயம் போடும் முன் தனியாக விளக்கில் பார்த்து வைப்பது நல்லது. செக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் தாமே ஒளிர்வதால் அவற்றை விட்டு, வெளிறிய தேங்காய் எண்ணெயை எடுத்தோம்.

நீர் என்றால் பேட்டரிக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீர். ஆழ்துளைக் கிணற்று நீர் ஏன் ஆகாது என்பது குயினைனில் தெரியும்.

அமிலத்துக்கும் காரத்துக்கும் சமையலறையே போதும். கடை வினிகர் 4-5% அசிட்டிக் அமிலம், பிஎச் சுமார் 2.5. ஆப்ப சோடாக் கரைசல் 8.3 அளவில் நிற்கும். சலவை சோடா 1% கரைசல் 11-ஐத் தாண்டும். சுண்ணாம்புத் தெளிநீர் 12.4. மீட்டுப் பார்க்க எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். பிஎச் தாளைக் குப்பிக்குள் முக்கினால் தாளின் சாயம் கரைசலில் கலந்துவிடும். கண்ணாடிக் கம்பியால் ஒரு துளி எடுத்துத் தாளில் வையுங்கள். ஆல்கஹாலிலும் அசிட்டோனிலும் அந்தத் தாள் காட்டும் எண்ணை நீரின் பிஎச்சோடு ஒப்பிட முடியாது. அங்கே 'எத்தனை துளி அமிலம்' என்று எழுதி வைப்பதே நேர்மையான பதிவு.

அடிக்கடி நேரும் பிழை, சாயத்தை அதிகமாகப் போடுவது. கரைசல் அடர்த்தியாக இருந்தால் விளக்கொளி முழுவதும் முன்சுவரை ஒட்டிய ஒரு மில்லிமீட்டரிலேயே உறிஞ்சப்படும். குப்பியைப் பக்கவாட்டில் பார்த்தால் முன்சுவரில் தகடு ஒட்டியதுபோல ஒரு ஒளிர்கோடு, அதற்குப் பின்னால் முழு இருட்டு. இந்த நிலையில் அமிலம் சேர்த்து ஒப்பிட்டால் கிடைக்கும் முடிவுக்கு மதிப்பே இல்லை. நீர்க்கச் செய்ததால் ஒளி கூடியதை அமிலம் கூட்டியது என்று எழுதிவிடுவோம். டார்ச்சின் கற்றை குப்பியை ஊடுருவி மறுசுவர் வரை ஒரே சீராக ஒளிர்கிற வரை நீர் சேர்த்துக்கொண்டே போங்கள். பகல் வெளிச்சத்தில் நிறம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுதான் சரியான அளவு.

போனில் படமெடுத்து ஒப்பிடுவதானால் எக்ஸ்போஷர், வெண்சமநிலை, ஐஎஸ்ஓ மூன்றையும் பூட்டிவையுங்கள். தானியங்கியில் விட்டால் மங்கிய குப்பியைப் போன் தானே பிரகாசமாக்கிக் காட்டும்.

குயினைன்: அமிலம் ஒளியேற்றும், உப்பு அணைக்கும்

டானிக் வாட்டரில் குயினைன் இருக்கும். அமெரிக்காவில் அதற்கு உச்சவரம்பு லிட்டருக்கு சுமார் 83 மில்லிகிராம். பாட்டிலைத் திறந்து கலக்கி அரைமணி நேரம் வைத்து வாயுவைப் போக்கிவிட்டு, 5 மி.லி. டானிக்கோடு 5 மி.லி. காய்ச்சி வடித்த நீர் சேர்க்க வேண்டும். 365 விளக்கில் வானநீலம் வரும்.

அதில் 0.1 கிராம் ஆப்ப சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். ஒரேயடியாகப் போட்டால் பொங்கி வழியும். நுரை அடங்கியதும் நீலம் வற்றி, மங்கலான ஊதாச் சாயல் மிஞ்சும். குயினைனின் குயினோலின் வளையத்தில் உள்ள நைட்ரஜன் புரோட்டானை விட்டுவிட்டது. அந்த நைட்ரஜனின் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் புரோட்டானோடும் பாதி அது இன்றியும் இருக்கும் பிஎச்) 4-ஐ ஒட்டியது, டானிக்கின் புளிப்பில் அது புரோட்டானோடு இருந்தது. புரோட்டான் உள்ள வடிவம் 450 நானோமீட்டரில், அதாவது தெளிவான நீலத்தில் ஒளிவிடும். இல்லாத வடிவத்தின் ஒளி 380 பக்கம் போய்விடுகிறது, நம் கண் அதைக் காண்பதில்லை. ஆக இங்கே நேர்ந்தது பெரும்பாலும் இடப்பெயர்ச்சிதான். இனி 0.2 கிராம் எலுமிச்சை உப்பு போட்டால் மறுபடி பொங்கி, நீலம் முழுமையாக வரும்.

அடுத்த குப்பியில் அதே டானிக் கலவை 10 மி.லி., அதில் 0.1 கிராம் சமையல் உப்பு. கரைந்ததுமே நீலம் ஏறக்குறைய அணைந்துவிடும். பிஎச் தாள் மாற்றம் எதையும் காட்டாது. சோடா போட்டாலும் எலுமிச்சை உப்பு போட்டாலும் மீளாது. உப்பிலுள்ள குளோரைடு அயனி, ஒளியை விழுங்கிக் கிளர்வுற்ற குயினைனோடு மோதி ஆற்றலைப் பறிக்கிறது. குயினைன் கிளர்வுநிலையில் சுமார் 20 நானோவிநாடி காத்திருப்பதால் மோதலுக்கு நேரம் கிடைக்கிறது. பின்னால் வரும் ஃப்ளோரசீன் என்ற சாயம் 4 நானோவிநாடியில் ஒளியை விட்டுவிடும். அதே அளவு உப்பு அதை அசைப்பதில்லை.

இதை மீட்கும் வழி, நீர்க்கச் செய்வது. உப்புக் கலவையில் 1 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்குங்கள், உப்பு போடாத கலவையையும் அப்படியே செய்து பக்கத்தில் வையுங்கள். இரண்டும் மங்கல்தான், ஆனால் இப்போது இரண்டுக்கும் இடையே வேறுபாடு சிறிதே. நீர்க்கச் செய்யும் நீரில் 0.1% எலுமிச்சை உப்பு இருக்க வேண்டும் என்பதை மறந்தால் பிஎச் ஏறி, இரண்டு காரணங்கள் ஒன்றாகக் கலந்துவிடும்.

இதிலிருந்து நேரடியாக வரும் எச்சரிக்கை: குயினைனை அமிலமாக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகாது. ஆய்வகங்களில் ஒப்பீட்டுக் கரைசலை 0.05 மோலார் சல்ஃபூரிக் அமிலத்தில் தயாரிப்பது இதனால்தான். கிணற்று நீரின் சிக்கலும் இதுவே. குடிநீருக்கான இந்தியத் தரம் குளோரைடை லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 1000 வரை. 250 மில்லிகிராம் என்றால் 7 மில்லிமோலார். அதுவே ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துவிடும். கடலோர ஊர்களில் இந்தச் சோதனை 'வேலை செய்யவில்லை' என்றால் முதலில் நீரைச் சந்தேகிக்க வேண்டும்.

பைரனின்: ஒரே மூலக்கூறில் புளிப்பும் கரைப்பானும்

இந்தத் தொகுப்பில் மிக அதிகம் கற்றுத்தருவது இதுதான். மஞ்சள் ஹைலைட்டர் மைகள் பலவற்றில் இருக்கும் சாயம் பைரனின். தூளாகக் கிடைத்தால் 5 மில்லிகிராமை 100 மி.லி. நீரில் கரைத்து, அதில் 1 மி.லி.யைப் 10 மி.லி. ஆக்கினால் சுமார் 10 மைக்ரோமோலார். பேனாவிலிருந்து எடுப்பதானால் உள்ளே உள்ள பஞ்சுக்குழலில் அரை சென்டிமீட்டர் வெட்டி, 20 மி.லி. நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, வடிகட்டி, பகலில் மிக இலேசான மஞ்சளாகத் தெரியும் வரை நீர்க்கச் செய்யுங்கள். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு பேனாக்கள் வேண்டாம். அவற்றில் சாயம் பெரும்பாலும் பிசின் துகளுக்குள் அடைபட்டிருக்கும். கரைசல் பால்போலக் கலங்கும், அமிலத்துக்கும் அசையாது.

இரண்டு குப்பிகளில் 9 மி.லி. சாயக் கரைசல். ஒன்றில் 1 மி.லி. வினிகர், மற்றதில் 1 மி.லி. சலவை சோடாக் கரைசல். பகலில் வினிகர்க் குப்பியின் நிறம் போய்விடும், சோடாக் குப்பி பச்சை கலந்த மஞ்சளாகும். ஒளி விழுவதற்கு முந்தைய அடிநிலையில் பைரனினின் பிகேஏ 7.3, வினிகரில் புரோட்டானோடும் சோடாவில் புரோட்டான் இன்றியும் இருக்கிறது. முன்னது உறிஞ்சுவது 405 நானோமீட்டர் அளவில், பின்னது 455-இல்.

இப்போது 395 டார்ச்சை அடித்தால் இரண்டு குப்பிகளும் ஒரே பச்சையில் ஒளிர்கின்றன.

வடிவம் வேறு, உறிஞ்சும் நிறம் வேறு, ஒளி மட்டும் ஒன்று. ஒளி விழுந்ததும் மூலக்கூறு வேறொரு அமிலமாகிவிடுகிறது. கிளர்வுநிலையில் அதன் பிகேஏ 1-ஐ ஒட்டி இறங்கிவிடுவதால், 100 பிக்கோவிநாடி அளவில் தன் புரோட்டானைப் பக்கத்து நீர் மூலக்கூறுகளிடம் கொடுத்துவிடுகிறது. ஒளிவிட வேண்டிய தருணம் வர இன்னும் பல நானோவிநாடி இருக்கிறது. ஆகவே ஒளிவிடுவது எப்போதும் புரோட்டானை இழந்த பச்சை வடிவம். நீல எல்இடியை ஆரஞ்சுத் தாளோடு அடித்துப் பாருங்கள்: சோடாக் குப்பி ஒளிர்கிறது, வினிகர்க் குப்பி இருட்டு, ஏனென்றால் அது 460-ஐ உறிஞ்சுவதே இல்லை. ஒரே குப்பியை 405-இலும் 455-இலும் கிளர்த்தி, இரண்டு ஒளிர்வின் விகிதத்திலிருந்து பிஎச் 6 முதல் 8.5 வரை அளக்கும் முறை இதன் மீதுதான் நிற்கிறது. விகிதம் என்பதால் சாயம் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு கெடாது.

புரோட்டானை வாங்கிக்கொள்ள நீர் இல்லாவிட்டால்? 99% எத்தனால் 10 மி.லி. எடுத்து, வீரியமான சாயக் கரைசலில் ஒரே துளியும் வினிகர் ஒரு துளியும் விடுங்கள். 395 விளக்கில் பச்சை போய் ஊதா கலந்த நீலம் வரும், புரோட்டானை விடாத வடிவத்தின் ஒளி. மஞ்சள் தாள் கண்ணை மறைத்திருந்தால் இந்த நீலம் தெரியவே தெரியாது. ஹேண்ட் சானிடைசரும் மருந்துக்கடை ஸ்பிரிட்டும் இதற்கு உதவா. 70% என்றால் மீதி பெரும்பாலும் நீர், நீலம் வருவதற்குப் பதில் கலங்கலான நீலப்பச்சைதான் வரும். சாயம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, எத்தனாலிலும் தாராளமாக இல்லை. குப்பியின் அடியில் பச்சைப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அது கரையாத சாயத்தைச் சூழ்ந்த நீர்த்துளி. மெத்தனால் நன்றாகக் கரைக்கும், ஆனால் நச்சு. ஆய்வகப் புகைபோக்கி இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

நீலக் குப்பியில் சொட்டுக்குழலால் அரை அரை மி.லி.யாக நீர் விட்டுக்கொண்டே வருவதில்தான் இந்தச் சோதனையின் முழு அழகும் இருக்கிறது. முதல் சில அளவுகளுக்குப் பெரிய மாற்றம் இல்லை. மொத்தத்தில் நூற்றுக்கு இருபது முப்பது பங்கு நீர் சேரும் கட்டத்தில் நீலமும் பச்சையும் கலந்த மயில்கழுத்து நிறம், கலக்காமல் விட்டால் கீழே பச்சை மேலே நீலம் என்று இரண்டு பட்டைகளாகவே நிற்கும். நீர் பாதியைத் தாண்டியதும் பச்சை வெல்லும். தனி நீர் மூலக்கூறு ஒன்று வந்து புரோட்டானை வாங்கிக்கொள்ள முடியாது. வாங்கிய புரோட்டானைத் தாங்கிக்கொள்ள நீர் கூட்டமாக இருக்க வேண்டும். அதனால்தான் தொடக்கத்தில் சேர்த்த நீர் வீணானதுபோலத் தெரிகிறது.

ஃப்ளோரசீன்: படிப்படியாக மங்குவது

ஃப்ளோரசீனின் டைசோடியம் உப்பு யுரனின் என்ற பெயரில் கிடைக்கும். 10 மில்லிகிராம் 100 மி.லி. நீரில், அதை நூறு மடங்கு நீர்க்கச் செய்தால் வேண்டிய அளவு. இதற்குப் பிஎச்சை அசையாமல் பிடித்து வைக்கும் தாங்கல் கரைசல்களைத் தயாரித்துக்கொள்வது பயன் தரும். சிட்ரிக் அமிலம் மோனோஹைட்ரேட் லிட்டருக்கு 21.0 கிராம் ஒரு பாட்டில், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் லிட்டருக்கு 28.4 கிராம் மற்றொரு பாட்டில். 20 மி.லி. தாங்கலுக்குப் பாஸ்பேட் அளவு: பிஎச் 4-க்கு 7.71 மி.லி., 5-க்கு 10.30, 6-க்கு 12.63, 7-க்கு 16.47, 8-க்கு 19.45. மீதி சிட்ரிக். ஊசிச் சிரிஞ்சில் அளந்தால் முதல் தசமம் வரை வரும், அது போதும்.

ஒவ்வொன்றிலும் 9.9 மி.லி., அதில் நீர்க்கச் செய்யாத சாயக் கரைசல் 0.1 மி.லி. நீல எல்இடியில் வரிசையாக வைத்தால் 8-இல் கண்ணைப் பறிக்கும் பச்சை, 7-இல் சற்றுக் குறைவு, 6-இல் பாதிக்கும் கீழே, 5-இல் மங்கல், 4-இல் தேடிப் பார்க்க வேண்டும். புரோட்டான் இரண்டையும் இழந்த வடிவம் தான் விழுங்கிய ஒளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பித் தரும், 490 நானோமீட்டரில் பலமாக உறிஞ்சவும் செய்யும். பிகேஏ 6.4-ஐக் கடந்து கீழே வந்தால் ஒரு புரோட்டானை மட்டும் இழந்த ஒற்றை எதிரயனி. விழுங்கிய ஒளியில் அது திருப்பித் தரும் பங்கு சுமார் 0.37, உறிஞ்சும் இடமும் 470, 450 பக்கம் நகர்கிறது. ஆக நீல எல்இடியில் தெரியும் மங்கலில் இரண்டு பங்கு: உறிஞ்சுவது குறைந்தது ஒன்று, விழுங்கியதைத் திருப்பித் தருவது குறைந்தது மற்றொன்று. அதே வரிசையை 395-இல் பார்த்தால் சரிவு இத்தனை செங்குத்தாக இருக்காது.

சலவை சோடாவை ஒவ்வொரு குப்பியிலும் போட்டு 9-க்கு மேல் ஏற்றினால் எல்லாம் ஒரே பச்சைக்கு வந்துவிடும். நிலத்தடி நீரோட்டத்தைச் சாயம் விட்டுத் தேடுபவர்கள் மாதிரியை அளக்கும் முன் காரமாக்கிக்கொள்வதும் இதற்குத்தான். 1877-இல் டான்யூப் ஆறு மண்ணுக்குள் மறையும் இடத்தில் 10 கிலோ ஃப்ளோரசீன் கொட்டினார்கள். இரண்டரை நாள் அளவில் ஆஹ் ஊற்று பச்சையாகி, ரைன் ஆற்றுக்குப் போகும் வழி உறுதியானது. சுண்ணாம்புக்கல் நிலத்து நீர் இயல்பிலேயே சற்றுக் காரம் என்பது அந்தச் சோதனைக்கு வாய்ப்பாக அமைந்தது. சதுப்புநிலப் புளிப்பு நீரில் அதே சாயம் கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

கரைப்பான் பக்கம் ஒன்று: அமிலமாக்கிய ஃப்ளோரசீனை அசிட்டோனுக்கு மாற்றினால் நிறமே போய்விடும். மூலக்கூறு தனக்குள்ளேயே வளையமாக மூடிக்கொள்கிறது, அந்த வடிவம் காணும் ஒளியை உறிஞ்சுவதில்லை. சோடா நீர் சேர்த்தால் வளையம் திறந்து பச்சை வரும்.

மஞ்சள்: நீர் அணைக்கும், காரம் அழிக்கும்

மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினுக்கு நேரெதிர் குணம். நீரில் ஒளிராது, நீர் இல்லாத இடத்தில் ஒளிரும். 0.1 கிராம் மஞ்சள்தூளை 10 மி.லி. அசிட்டோனில் குலுக்கி, ஐந்து நிமிடம் அடங்கவிட்டு வடிகட்டுங்கள். அருகில் அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது. 'அசிட்டோன் இல்லாத' நகப்பூச்சு நீக்கி பெரும்பாலும் எத்தில் அசிடேட். அதுவும் இங்கே நன்றாகவே வேலை செய்யும், ஆனால் நிறமூட்டிய வகையை வாங்கக்கூடாது.

சாற்றில் இரண்டு துளியை அசிட்டோன், எத்தனால், நீர் மூன்றிலும் 10 மி.லி. வீதம் விட்டு, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகையைத் தேங்காய் எண்ணெயில் தனியே இளஞ்சூட்டில் ஊறவைத்து வடித்து நான்காவதாக வையுங்கள். 395-இல் எண்ணெய் நீலப்பச்சை, அசிட்டோன் பிரகாசமான பச்சை, எத்தனால் மஞ்சள் கலந்து சற்று மங்கல், நீர் ஏறக்குறைய இருட்டு. கரைப்பானின் முனைவுத்தன்மை (மூலக்கூறில் மின்சுமை ஒரு பக்கம் சாய்ந்திருப்பது) கூடக் கூட ஒளி சிவப்பு நோக்கி நகர்கிறது: கிளர்வுற்ற மூலக்கூறின் மின்சுமைப் பிரிவை, சுற்றியுள்ள முனைவுள்ள மூலக்கூறுகள் திரும்பி நின்று தாங்குகின்றன, அதனால் ஆற்றல் இறங்குகிறது. ஒளி மங்குவதற்கு ஹைட்ரஜன் பிணைப்பு காரணம். நீரும் ஆல்கஹாலும் அந்தப் பிணைப்பின் வழியே ஆற்றலை வெப்பமாக வடித்துவிடுகின்றன.

அசிட்டோன் குப்பியில் 1 மி.லி. வீதம் நீர் விட்டு ஒளி அணைவதைப் பார்த்த பிறகு, நீர்க் குப்பியில் நிறமற்ற ஷாம்பு இரண்டு துளி விட்டு மெதுவாகச் சாய்த்துக் கலக்குங்கள். சோப்பு மூலக்கூறுகள் நீரில் குட்டி எண்ணெய்க் கூடுகளாகத் திரள்வதற்கு அசிட்டோன் தடை என்பதால், அசிட்டோன் அதிகமிருந்தால் இது வராது. இரண்டு துளி சாறு மட்டும் சேர்ந்த நீர்க் குப்பியில்தான் தெளிவாக வரும். ஷாம்பு இறங்கும் இடத்தில் இழை இழையாகப் பச்சைமஞ்சள் ஒளி எழும்பும். குர்குமின் நீரிலிருந்து தப்பி அந்தக் கூட்டுக்குள் போகும் காட்சி அது.

காரத்தில் நடப்பது வேறு. எத்தனால் குப்பிகள் இரண்டில் 1 மி.லி. சலவை சோடாக் கரைசல் விட்டதும் இரண்டும் செம்பழுப்பாகி ஒளி அணையும். ஒன்றில் பத்து விநாடிக்குள் வினிகர் 3 மி.லி.; மஞ்சளும் ஒளியும் திரும்பும். மற்றதில் அரைமணி கழித்து வினிகர் விட்டால் வெளிறிய மஞ்சள், பழைய ஒளியில் ஒரு பகுதிதான். முதலில் நடந்தது புரோட்டான் இழப்பு. காத்திருந்த நேரத்தில் நடந்தது சிதைவு. எத்தனால் சிதைவை ஓரளவு தாமதப்படுத்துகிறது, வெறும் நீரில் இன்னும் விரைவு. இணைச் சோதனையாக மூன்றாவது குப்பியில் சோடாவுக்குப் பதில் அதே அளவு நீரும் பிறகு வினிகரும் விட்டு ஒப்பிடாவிட்டால், நீர் அணைத்த பங்கையும் காரத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

பி2 மாத்திரையில் உள்ள ரைபோஃப்ளேவினிலும் இந்தச் சிதைவு வரும், ஆனால் அழிப்பது விளக்கே. 5 மில்லிகிராம் ஒரு லிட்டரில் என்ற அளவில் மஞ்சள்பச்சையாக ஒளிரும். வினிகரிலும் ஆப்ப சோடாவிலும் பெரிதாக அசையாது, சுண்ணாம்புத் தெளிநீரில் அணையும். குப்பியை வெயிலில் வைத்துவிட்டால் மஞ்சள் வெளுத்து, ஒளி நீலத்துக்கு மாறும். லூமிக்ரோம் என்ற வேறு சேர்மம் உருவாகிவிட்டது. டார்ச்சை எரியவிட்டபடி குறிப்பு எழுதுவது இந்தச் சோதனையைக் கெடுக்கும்.

பச்சையம்: ஒளி இருக்கும், மூலக்கூறு போயிருக்கும்

5 கிராம் அரைக்கீரையை ஈரம் துடைத்து நறுக்கி, ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவுடன் கல்வத்தில் அரைத்து, 20 மி.லி. அசிட்டோன் விட்டு வடிகட்டுங்கள். சோடா இலையின் சொந்தப் புளிப்பைக் கட்டுப்படுத்தத்தான். புளிச்சக்கீரையை எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும், சாறு வடிகட்டி முடிவதற்குள் பழுப்பேறும். பச்சைச் சாற்றை 395-இல் பார்த்தால் 670 நானோமீட்டர் அளவிலான ஆழ்ந்த சிவப்பு. போன் கேமராவின் அகச்சிவப்பு வடிகட்டி இந்த நிறத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும், நேரில் பார்ப்பதே சரி.

5 மி.லி. சாற்றில் நீர்த்த சல்ஃபூரிக் அமிலம் இரண்டு துளி. சில நிமிடத்தில் பச்சை ஆலிவ் பழுப்பாகும்: வளையத்தின் நடுவிலிருந்த மக்னீசியம் வெளியேறி, இரண்டு புரோட்டான்கள் அங்கே உட்கார்ந்துவிட்டன. இது இனி பச்சையம் அல்ல, ஃபியோஃபைட்டின். ஆனால் சிவப்பு ஒளிர்வு இருந்துகொண்டே இருக்கும். சோடா போட்டு நடுநிலையாக்கினாலும் பச்சை திரும்பாது. ஒளி இருப்பதை வைத்து மட்டும் மூலக்கூறு மாறவில்லை என்று முடிவு கட்டியிருந்தால் இங்கே தவறியிருப்போம்; பகல் நிறத்தையும் கூடவே பதிவு செய்வது இதற்காக.

பழுப்புச் சாற்றில், வினிகரில் கரைத்த 1% மயில்துத்தக் (தாமிர சல்ஃபேட்) கரைசல் ஐந்து துளி விட்டு, மூடியைத் தளர்த்தி, 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் கால்மணி நேரம் நிறுத்துங்கள். அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும். வெந்நீரை வேறு இடத்தில் காய்ச்சிக் கொண்டுவர வேண்டும். மெல்ல மெல்லப் பச்சை திரும்பும், முன்பைவிட நீலம் கலந்த, அழுத்தமான பச்சை. தாமிரம் மக்னீசியத்தின் இடத்தில் அமர்ந்துவிட்டது. முதலில் எடுத்துவைத்த சாற்றையும் இதையும் பகலில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் இரண்டுமே பச்சை. அறையை இருட்டாக்கி 395 டார்ச்சை அடித்தால் முதலாவது இரத்தச் சிவப்பு, இரண்டாவதில் எதுவுமே இல்லை. தாமிர அயனியின் இணைசேரா எலக்ட்ரான் கிளர்வாற்றலை ஒளியாக வெளிவர விடுவதில்லை. மெல்லிய சிவப்பு மிச்சமிருந்தால் ஃபியோஃபைட்டின் முழுவதும் மாறவில்லை என்று பொருள். இன்னும் இரண்டு துளி, இன்னும் பத்து நிமிடம்.

தாமிரம் கலந்த இந்தக் குப்பியைச் செடியடியிலோ மீன்தொட்டிப் பக்கமோ கொட்டாதீர்கள். அசிட்டோனைத் திறந்த வெளியில் ஆவியாகவிட்டு, மிஞ்சுவதைச் சலவை சோடாவால் வீழ்படிவாக்கி வடிகட்டித் தாளோடு தனியாக மூடிவையுங்கள்.